ரோஸ்கோ என்பது அவர் பெயர்

இவ்வாண்டு மலருக்கு மறைந்த ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி ஆசிரியர் குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டபோது, நான் பாரதியைப் பற்றியோ துன் சம்பந்தனைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். அவர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் முன்னாள் மாணவர்களிடையே நிறையவே இருக்கிறார்கள். எனக்கு ஓரளவு முழுமையாகத் தெரிந்த ஒரே வரலாறு, 1933ஆம் ஆண்டு நியூயார்க்கில் இறந்துபோன ஓர் அமெரிக்க நகைச்சுவை நடிகருடையது. அதை நான் தெரிந்துகொள்ள நேர்ந்த கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தம்பி மன்னிப்பாராக.

2005ஆம் ஆண்டு. அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆங்கில நாடகக் குழுவினர், பழைய ஹாலிவுட்டை உலுக்கிய ஓர் ஊழல் வழக்கை நாடகமாக்கப் போவதாக உணவகச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆடிஷன் என்று நாங்கள் சொல்லும் நடிகர் தேர்வு அடுத்த வெள்ளிக்கிழமை. நான் அதைப் படித்துவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். நாடகக் குழுவிலிருந்த என் அறைத்தோழன்தான் விடவில்லை. முக்கியப் பாத்திரத்துக்கு நான் மிகப் பொருத்தம் என்று அவன் இயக்குநரிடம் சொல்லி, என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டான். எந்த விதத்தில் பொருத்தம் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை, என்னை மேலும் கீழும் பார்த்தான்.

அப்போது என் எடை 112 கிலோ. தமிழ்ப்பள்ளியில் எனக்குக் குண்டோதரன் என்று பெயர். இடைநிலைப் பள்ளியில் கெமோக். விடுதிக்கு வந்த பிறகு லோரி. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் என் சொந்தப் பெயர் என்னவென்று தெரியாமலேயே என்னோடு மூன்றாண்டு ஒரே மாடியில் குடியிருந்தவர்கள் இருக்கிறார்கள்.

எது எப்படியோ, பெயர் கொடுத்தாகிவிட்டது. தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. யாருடைய வேடம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று நூலகத்துக்குப் போனேன். உலகம் ஃபேட்டி ஆர்பக்கிள் என்று அறிந்த அந்த மனிதரை அங்கேதான் சந்தித்தேன். ஃபேட்டி என்றால் குண்டன். அது படத்துக்காக வைத்த பெயர். அவருடைய உண்மைப் பெயர் ரோஸ்கோ. படப்பிடிப்பு முடிந்த பிறகு யாராவது ஃபேட்டி என்று கூப்பிட்டால், தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று திருத்துவாராம். அந்த வரியைப் படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. 1887ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், கன்சாஸ் மாநிலத்தின் ஸ்மித் சென்டர் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பிறக்கும்போதே ஆறு கிலோவுக்குக் குறையாத எடை என்று சொல்வார்கள். தாயும் தந்தையும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்கள். இவ்வளவு பெரிய பிள்ளை தனக்குப் பிறந்ததுதானா என்று தந்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆகவே, தாம் அடியோடு வெறுத்த ரோஸ்கோ கான்க்லிங் என்ற அரசியல்வாதியின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டினார். நம் வீடுகளில் பிள்ளைக்குப் பெயர் வைக்க நாள் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம். அங்கே ஒரு தந்தை, தன் எதிரியின் பெயரைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

குழந்தைக்கு இரண்டு வயதாகும் முன்னரே குடும்பம் கலிபோர்னியாவின் சான்டா ஆனாவுக்குக் குடிபெயர்ந்தது. எட்டு வயதில், ஊருக்கு வந்த நாடகக் குழு ஒன்றில் சிறு வேடம் கிடைத்தது. மேடை பழகியது அங்கேதான். சிறு வயதிலேயே தாய் இறந்தார். அதன்பின் பையனைத் தந்தையிடம் அனுப்பி வைத்தார்கள் என்றும், அவன் போய்ச் சேர்ந்தபோது தந்தை அந்த ஊரை விட்டே போயிருந்தார் என்றும் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஒரு தங்கும் விடுதியில் எடுபிடி வேலை செய்து பிழைத்தான். வேலை செய்துகொண்டே பாடுவது வழக்கம். நல்ல குரல். அதைக் கேட்ட ஒருவர், உள்ளூர்க் கொட்டகையில் நடந்த திறமைப் போட்டிக்கு அவனை அனுப்பி வைத்தார்.

அந்தப் போட்டியைப் பற்றி நான் இரண்டு மூன்று முறை படித்தேன். வெள்ளிக்கிழமை எனக்கும் ஒரு தேர்வு காத்திருந்ததல்லவா! அக்காலத்துப் போட்டிகளில் நடுவர் என்று தனியாக யாரும் இல்லை. கூட்டம்தான் நடுவர். பிடித்தால் கைதட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கூச்சல். கூச்சல் முற்றினால் திரைக்குப் பின்னாலிருந்து, இடையர்கள் ஆடு பிடிக்க வைத்திருக்கும் வளைந்த தொரட்டி போன்ற நீண்ட கழி ஒன்று வெளியே வரும். அதைக் கழுத்தில் மாட்டி மேடையை விட்டு இழுத்துவிடுவார்கள். ரோஸ்கோ பாடினான், ஆடினான், வேடிக்கை காட்டினான். கூட்டம் மசியவில்லை. ஓரத்திலிருந்து கழி மெல்ல வெளியே நீண்டது. அதைக் கண்ட பையன் பதறிப்போய், தப்பிக்க வழி தெரியாமல் ஒரு குட்டிக்கரணம் அடித்து, மேடைக்குக் கீழே இசைக் கலைஞர்கள் உட்கார்ந்திருந்த பள்ளத்துக்குள் போய் விழுந்தான். கொட்டகையே அதிர்ந்தது. பரிசு அவனுக்குத்தான்.

பருத்த உடம்பால் அப்படி ஒரு கரணம் அடிக்க முடியும் என்று கூட்டம் எதிர்பார்க்கவில்லை. பின்னாளில் அவர் சம்பாதித்த அத்தனை டாலரும் இந்த ஒரு வியப்பிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம்.

1904ஆம் ஆண்டில், பின்னாளில் ஹாலிவுட்டின் புகழ்பெற்ற திரையரங்குகளைக் கட்டிய சிட் கிராமன், சான் பிரான்சிஸ்கோவிலிருந்த தம் குடும்பத்தின் கொட்டகையில் பாட அவரை அழைத்துக்கொண்டார். அதன்பின் ஊர் ஊராகச் சுற்றும் நாடக வாழ்க்கை. 1908இல் மின்டா டர்ஃபீ என்ற நடிகையை மணந்தார். ஜப்பான், சீனா வரை நாடகக் குழுவோடு போய் வந்திருக்கிறார். 1909இல் முதல் படம். ஆனால் சினிமாவை அவர் அப்போது பெரிதாக எண்ணவில்லை. மேடைக் கலைஞர்களுக்குச் சினிமாவில் நடிப்பது கௌரவக் குறைவாகத் தெரிந்த காலம் அது.

1913இல் மாக் செனட்டின் கீஸ்டோன் நிறுவனத்தில் நாளொன்றுக்கு 3 டாலர் கூலிக்குச் சேர்ந்தார். கீஸ்டோன் என்றால் துரத்தல், விழுதல், முகத்தில் பை எறிதல். (பை என்பது இங்கே கிரீம் தடவிய பலகாரம்.) ரோஸ்கோவால் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசைகளில் குறி தவறாமல் பை எறிய முடியும். நூலகத்தின் ஒலி, ஒளிப் பிரிவில் அவருடைய படங்கள் அடங்கிய டிவிடி ஒன்று இருந்தது. அங்கிருந்த சிறிய தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள மனிதர் பலூன் மாதிரி மிதக்கிறார். ஓடுகிறார், பின்புறமாக விழுகிறார், விழுந்த வேகத்திலேயே எழுகிறார். சமையல்காரராக வரும் படத்தில் கத்தியைச் சுழற்றி எறிகிறார், அது போய்ப் பலகையில் குத்தி நிற்கிறது. அதைப் பார்க்காமலேயே அடுத்த வேலைக்குத் திரும்பிவிடுகிறார். நூலகப் பணியாளர் அக்கா வந்து சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தேன். புத்தகங்களும் அதைத்தான் சொல்லின. கதவில் சிக்கிக்கொள்வது, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நாற்காலியோடு சேர்ந்து எழுவது போன்ற குண்டன் நகைச்சுவைக்கு அவர் ஒப்புக்கொள்வதில்லை. எடையைக் காட்டிச் சிரிக்க வைப்பது மலிவு என்பது அவர் கொள்கை. நம் தமிழ்ப்படங்களில் குண்டான நடிகர்களுக்குக் கிடைத்த காட்சிகளை நினைத்துப் பார்த்தேன்.

மேபல் நார்மண்டோடு அவர் நடித்த படங்கள் நாடெங்கும் ஓடின. 1914இல் அதே நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த சார்லி சாப்ளின், தம் நாடோடி வேடத்துக்குப் போட்ட தொளதொளத்த கால்சட்டை ரோஸ்கோவுடையது என்று ஒரு கதை வெகு காலமாக உலவுகிறது. 1917இல் ஜோசப் ஷெங்க் என்பவரோடு சேர்ந்து சொந்தக் குழு தொடங்கியபோது, பஸ்டர் கீட்டன் என்ற மேடை இளைஞனை அழைத்து வந்து முதன்முதலாகப் படத்தில் நடிக்க வைத்தார். கேமரா எப்படி வேலை செய்கிறது என்று கீட்டன் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாராம். சினிமாவின் மாபெரும் நகைச்சுவைக் கலைஞர்களில் ஒருவராக இன்று கீட்டனைக் கொண்டாடுகிறார்கள். அவருடைய ஆசிரியரைத்தான் மறந்துவிட்டார்கள்.

1921இல் பாரமவுண்ட் நிறுவனம் அவருக்கு மூன்றாண்டுகளுக்கு 30 லட்சம் டாலர் தர ஒப்பந்தம் செய்தது. எட்டே ஆண்டுகளில் 3 டாலரிலிருந்து அந்த உயரம். பெரிய வீடு, தனியாகச் செய்யச் சொல்லி வாங்கிய ஆடம்பரக் கார், எல்லாம் இருந்தன. நாடகம் தொடங்குவது இங்கேதான்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் தொழிலாளர் தின விடுமுறைக்காக இரண்டு நண்பர்களோடு காரிலேயே சான் பிரான்சிஸ்கோ சென்று, செயின்ட் பிரான்சிஸ் ஓட்டலின் பன்னிரண்டாம் மாடியில் 1219, 1220, 1221 எண் அறைகளை எடுத்துக்கொண்டார். 5ஆம் நாள் திங்கட்கிழமை ஒரு விருந்து. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். ஆனாலும் மது ஓடியது. வந்தவர்களில் வர்ஜீனியா ராப்பே என்ற இளம் நடிகையும் ஒருவர். விருந்தின் நடுவே 1219ஆம் அறையில் அவர் வலியால் துடித்தார். ஓட்டலுக்கு வந்த மருத்துவர் குடிமயக்கம் என்று கருதினார். இரண்டு மூன்று நாள் அவரை மருத்துவமனைக்கே கொண்டுபோகவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள் அவர் இறந்தார். சிறுநீர்ப்பை கிழிந்து, அதனால் வயிற்றுக்குள் பரவிய நச்சுதான் காரணம் என்று பரிசோதனையில் தெரியவந்தது.

விருந்துக்கு அவரோடு வந்திருந்த மாட் டெல்மான்ட் என்ற பெண், ரோஸ்கோ அவரைப் பலவந்தப்படுத்தினார் என்று காவல்துறையிடம் சொன்னார். ரோஸ்கோ நீதிமன்றத்தில் சொன்னது வேறு. குளியலறையில் அந்தப் பெண் வாந்தியெடுத்துக்கொண்டு தரையில் கிடந்ததைப் பார்த்ததாகவும், தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்ததாகவும், வெளியே போய் மற்றவர்களை அழைத்ததாகவும் சொன்னார்.

பத்திரிகைகள் நீதிமன்றம் வரை காத்திருக்கவில்லை. குறிப்பாக ஹெர்ஸ்டின் நாளேடுகள் நாள்தோறும் முதல் பக்கத்தில் இதையே போட்டன. அவற்றின் செய்திகளில் எனக்கு உறுத்தியது ஒன்றுதான். குற்றவாளியாக அவர்கள் காட்டியது ஒரு மனிதரை அல்ல, ஓர் உடம்பை. ஏறத்தாழ 120 கிலோ எடை. அந்த எடை ஒரு பெண்ணின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று வாசகர்களைக் கணக்குப் போட வைத்தார்கள். நேற்று வரை எந்த உடம்பைப் பார்த்து நாடு சிரித்ததோ, அதே உடம்பு இன்று சாட்சியாகிவிட்டது. அவர் படங்கள் நாடெங்கும் கொட்டகைகளிலிருந்து எடுக்கப்பட்டன. முதன்முதலில் பாட அழைத்த அதே சிட் கிராமனும், லாஸ் ஏஞ்சலிஸில் தம் அரங்கில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினார். சில ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்த மனைவி மின்டா மட்டும், தம் தாயோடு ரயிலேறிக் கண்டத்தைக் கடந்து வந்து நீதிமன்றத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொலைக் குற்றச்சாட்டு, நோக்கமில்லா மரணம் விளைவித்தல் என்று குறைக்கப்பட்டது. வழக்கை நடத்திய மாவட்ட வழக்கறிஞர் மாத்யூ பிரேடி, தொடக்கப் புகார் சொன்ன டெல்மான்டை மூன்று விசாரணைகளில் ஒன்றில்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையில் அந்தப் பெண்ணின் வாக்குமூலம் நிற்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் விசாரணை 1921 நவம்பரில் தொடங்கியது. ரோஸ்கோ தாமே கூண்டேறி நிதானமாகச் சாட்சி சொன்னார். ஜூரிகள் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விடுதலைக்கு ஆதரவு, இருவர் மறுப்பு. ஒருமித்த முடிவு இல்லை. 1922 ஜனவரியில் இரண்டாம் விசாரணை. வெற்றி உறுதி என்ற நினைப்பில் அவர் வழக்கறிஞர்கள் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை, இறுதி வாதம்கூடச் செய்யவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தவரை ஜூரிகள் குற்றவாளி என்றே எண்ணிவிட்டார்கள். பெரும்பான்மை அவருக்கு எதிராகத் திரும்பியது, மீண்டும் முடிவில்லை. மார்ச்சில் மூன்றாவது. ஏப்ரல் 12ஆம் நாள் ஜூரிகள் உள்ளே போய் ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். அந்த ஆறு நிமிடத்திலும் பெரும்பகுதி, அவரிடம் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஓர் அறிக்கை எழுதுவதில் போனது. விடுதலை என்ற சொல் மட்டும் போதாது, அவருக்கு இழைக்கப்பட்டது பெரும் அநீதி என்ற பொருளில் எழுதிப் பன்னிருவரும் கையெழுத்திட்டார்கள்.

ஆறே நாள். ஏப்ரல் 18ஆம் நாள், திரைப்படத் தொழிலின் நற்பெயரைக் காக்க நியமிக்கப்பட்டிருந்த வில் ஹேஸ், ரோஸ்கோவைத் திரையிலிருந்து தடை செய்தார். மதுவிலக்குச் சட்டத்தை மீறியதற்கு 500 டாலர் அபராதம், அவ்வளவுதான் சட்டம் அவர்மேல் நிரூபித்த குற்றம். வழக்குச் செலவில் 7 லட்சம் டாலருக்கு மேல் கடன். வீடும் கார்களும் போயின. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹேஸ் தடையை நீக்கிவிட்டார். ஆனால் பெண்கள் சங்கங்களும் தேவாலயங்களும் எதிர்த்தன, கொட்டகைக்காரர்கள் பயந்தார்கள். நடைமுறையில் பத்தாண்டு அவர் முகம் பெரும்பாலும் திரைக்கு வரவே இல்லை.

புதன்கிழமை இரவு இதுவரை படித்துவிட்டு, மாமாக் கடையில் அறைத்தோழனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தே தாரிக் ஆறிப்போகும்வரை கேட்டுவிட்டு, அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்தப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றான்.

உண்மைதான். மறுநாள் மீண்டும் நூலகம். வர்ஜீனியாவும் தாயை இழந்தவர். அவருக்கு அப்போது பதினொரு வயதுதான். சிக்காகோவில் பாட்டியிடம் வளர்ந்து, மாடலாகத் தொடங்கி, உடைகள் வடிவமைத்து, சில படங்களில் நடித்தவர். ரோஸ்கோவைக் காப்பாற்ற அவர் தரப்பு அந்தப் பெண்ணின் கடந்த காலத்தை நீதிமன்றத்தில் கொட்டியது. ரோஸ்கோவை அழிக்க நினைத்தவர்களும் அந்தப் பெண்ணை ஒரு சடலமாகத்தான் பயன்படுத்தினார்கள். நோய் முற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் சரியான நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் எல்லாரும் குடிமயக்கம் என்று கைகழுவியது பற்றி எவரும் அதிகம் பேசவில்லை. எனக்கு அனுப்பப்பட்டிருந்த நாடகப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். வர்ஜீனியாவுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. இரண்டு அலறல், பிறகு கட்டிலில் போர்வைக்குக் கீழே படுத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை கலையரங்கின் பின்புற ஒத்திகை அறை. வெளியே நாற்காலிகளில் இருபது பேர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டத்துறையில் முதலாமாண்டு படிக்கும் ஒரு தமிழ்ப் பெண். வர்ஜீனியா வேடத்துக்கு வந்திருந்தார். வசனமே இல்லாத வேடத்துக்கு எப்படித் தேர்வு நடத்துவார்கள் என்று கேட்டேன். அலறிக் காட்டச் சொல்வார்கள் அண்ணா என்றார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவர் அலறல் கேட்டது. வெளியே இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

என் முறை வந்தது. இயக்குநர் இறுதியாண்டு மாணவர், நல்லவர், மரியாதையாகவே நடத்தினார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் காட்டி, அதில் உட்கார்ந்து, எழும்போது நாற்காலி இடுப்போடு ஒட்டிக்கொண்டு வருவதுபோல் செய்து காட்டச் சொன்னார். நாடகத்தின் முதல் காட்சியே அதுதானாம். நான் தயங்கித் தயங்கி, ரோஸ்கோ அப்படிப்பட்ட காட்சியில் நடிக்க மாட்டார் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வரலாறு அப்படி இருக்கலாம், ஆனால் பார்வையாளர்களுக்கு ஆள் யாரென்று முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டும் என்றார். அப்படியானால் ஆள் யாரென்று நான் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குட்டிக்கரணம் போட்டேன்.

முக்கால் கரணம் என்றுதான் சொல்ல வேண்டும். மீதிக் காலுக்குப் பியானோவின் முக்காலி குறுக்கே வந்தது. அறையிலிருந்தவர்கள் கைதட்டினார்களா சிரித்தார்களா என்பது முக்காலி விழுந்த சத்தத்தில் கேட்கவில்லை. எழுந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே நீதிமன்றச் சாட்சியக் காட்சியை மனப்பாடமாகச் சொன்னேன். அதை ஒழுங்காகச் செய்தேன் என்று இன்றும் நம்புகிறேன்.

ரோஸ்கோவின் பிற்பகுதி வாழ்க்கையை நான் தேர்வு முடிந்த பிறகுதான் படித்தேன், முடிவு வரக் காத்திருந்த நாட்களில். கீட்டன் அவரைக் கைவிடவில்லை. தம் நிறுவனத்தின் இலாபத்தில் நூற்றுக்கு 35 பங்கு தர ஏற்பாடு செய்தார். முகம் காட்ட முடியாத ரோஸ்கோ, வில்லியம் குட்ரிச் என்ற பெயரில் படங்களை இயக்கினார். அது அவருடைய தந்தையின் பெயர். பிள்ளை தன்னுடையதல்ல என்று சந்தேகப்பட்டு எதிரியின் பெயரை வைத்தாரே, அவருடைய பெயர்தான். 1927இல் அந்தப் பெயரில் மேரியன் டேவிஸ் நடித்த ‘தி ரெட் மில்’ படத்தை இயக்கினார். அதைத் தயாரித்தது, அவரை முதல் பக்கத்தில் தூக்கில் போட்ட அதே ஹெர்ஸ்டின் பட நிறுவனம். எதிரியிடமே கூலி வாங்க வேண்டியிருந்தது என்று நான் வருந்தினேன். வேலை வேலைதான் என்று அவர் நினைத்திருக்கலாம். இடையிடையே மேடை நிகழ்ச்சிகளுக்கும் போனார். அப்படி ஒரு பயணத்தில் கிளீவ்லாந்தில் கண்ட பாப் ஹோப் என்ற இளைஞனுக்கு மேடை வாய்ப்புத் தேடிக் கொடுத்தார். குடியும் கூடவே இருந்தது. மின்டாவோடு மணமுறிவு 1925இல். பிறகு ஒரு திருமணம், அதுவும் முறிந்து, 1932இல் ஆடி மக்ஃபெயில் என்ற நடிகையோடு மூன்றாம் திருமணம்.

அதே 1932இல்தான் வார்னர் நிறுவனம் அவரைச் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் குறும்படங்களில் நடிக்க அழைத்தது. பேசும் படங்கள் வந்துவிட்ட காலம். மேடையில் பாடிப் பழகிய குரல் முதன்முறையாகத் திரையில் ஒலித்தது. புரூக்ளினில் ஆறு படங்கள் எடுத்தார்கள். அமெரிக்காவில் ஓடின. பிரிட்டனில் தணிக்கையாளர்கள், பதினோராண்டுக்கு முன் விடுதலையான அந்த வழக்கை மனத்தில் வைத்து அனுமதி மறுத்தார்கள். ஆறாவது படம் முடிந்ததும் முழுநீளப் படம் ஒன்றுக்கு ஒப்பந்தமானது. 1933 ஜூன் 28ஆம் நாள் இரவு நண்பர்களோடும் மனைவியோடும் அதைக் கொண்டாடிவிட்டு ஓட்டலுக்குத் திரும்பிப் படுத்தவர், தூக்கத்திலேயே மாரடைப்பால் போய்விட்டார். வயது 46. அவருடைய சாம்பல் பசிபிக் கடலில் கரைக்கப்பட்டது.

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். ரோஸ்கோ வேடத்துக்குக் கட்டடக்கலைத் துறையில் படிக்கும் ஒல்லியான சீன மாணவர் ஒருவர். என் நடிப்பில் சோகம் அதிகம், முதல் பாதிக்குச் சிரிப்பு வேண்டும் என்று இயக்குநர் நேரில் வந்து விளக்கம் சொன்னார். என் பெயரை ஒளியமைப்புப் பகுதியில் போட்டிருந்தார்கள். லோரி என்று அல்ல, முழுப் பெயரோடு, தந்தை பெயரும் சேர்த்து. அறைத்தோழன் அந்தப் பெயரை இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, இது யார் என்று கேட்டான்.

நாடகம் மூன்று இரவுகள் நடந்தது. வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு அந்த மாணவர் நன்றாகவே நடித்தார். முதல் இரவு தலையணை நழுவிப் பக்கவாட்டில் போய், அதற்கும் பெரிய கைதட்டல் கிடைத்தது. நாற்காலிக் காட்சிக்கும் அரங்கம் சிரித்தது. நான் அரங்கின் பின்கோடியில் விளக்குப் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வர்ஜீனியாவின் இரண்டாவது அலறல் முடிந்தவுடன் கட்டில்மேல் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டுப் பத்திரிகைக்காரர்கள் நிற்கும் பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும் என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பு. நான் மனத்துக்குள் பத்துவரை எண்ணிவிட்டு அணைத்தேன். அந்தப் பெண் அசையாமல் படுத்திருந்தார். அரங்கில் யாரும் இருமக்கூட இல்லை.

இடைவேளையில் இயக்குநர் ஓடி வந்து ஏன் தாமதம் என்று கேட்டார். பொத்தான் இறுகிப்போயிருக்கிறது என்றேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அது இறுகியேதான் இருந்தது.